ஒரு சமாதானச் சாப்பாடும் பெரியம்மாவின் ரத்தமும்

டிரைவர் சீட் இறங்கிக்கொண்டே போகிறது என்று என் பெரியம்மா பல மாதங்களாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் டிப்போவில் பேருந்தை எடுக்க ஏறி உட்கார்ந்தால், பயணிகளைக் காட்டவேண்டிய கண்ணாடியில் அவருக்குக் கூரைதான் தெரியும். கண்ணாடியைக் கீழே சாய்த்துக்கொள்வார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கூரை தெரியும். உடனே இறங்கிப்போய் மெக்கானிக்கைப் பிடித்துக்கொள்வார்.

"ஏம்ப்பா, சீட்டு மறுபடியும் இறங்கியிருக்கு."

"அக்கா, போன வாரம்தானே ஏத்தி வச்சேன்?"

"நீ ஏத்துன லட்சணம்தான் தெரியுதே. ஸ்பிரிங்கைக் கழட்டி வித்துட்டியா?"

"கல்யாண மோதிரத்தை வேணா வித்திருப்பேன். இந்த ஸ்பிரிங்கை எவன் வாங்குவான்?"

மெக்கானிக் எங்கள் குடும்பத்துக்கு வெகுநாள் பழக்கம். டிப்போவில் எல்லோரிடமும் வம்பு பேசுவார், பெரியம்மாவிடம் மட்டும் வாங்கிக் கட்டிக்கொள்வார். முதலில் ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு சீட்டுக்கு அடியில் பலகை வைத்தார். பலகை வைத்ததும் கண்ணாடி சரியாகிவிட்டது, ஆனால் கிளட்ச் தூரமாகிவிட்டது. "சீட்டை ஏத்தச் சொன்னா பெடலை இறக்கி வச்சிருக்கே" என்று பெரியம்மா சத்தம் போட, அவரும் பொறுமை இழந்து, "சீட்டு சரியாத்தான் இருக்கு, உட்கார்றவங்கதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டார். அதோடு இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பெரியம்மா வண்டியில் கோளாறு என்றால் அதை வேறு யாராவதுதான் போய் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. ஓட்டுநர்களைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம், எடை, கண், காது எல்லாம் பார்ப்பார்கள். நர்ஸ் அளவுகோலைத் தலைமேல் இறக்கினார்.

"நிமிர்ந்து நில்லுங்க."

"நிமிர்ந்துதான் நிக்கறேன்."

"இன்னும் நிமிருங்க."

"இதுக்கு மேல நிமிர்ந்தா பறந்துடுவேன்."

வேலையில் சேர்ந்தபோது இருந்த உயரத்தைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. "உங்க அளவுகோலும் இறங்கியிருக்கு போல" என்றார் பெரியம்மா. நர்ஸ் சிரிக்கவில்லை. எக்ஸ்-ரே எடுக்க அனுப்பினார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை எப்போதோ ஓசையில்லாமல் நசுங்கியிருந்தது. நிறைய நாள் முன்பு முதுகு பிடித்துக்கொண்டதென்று தைலம் தேய்த்துக்கொண்டு வண்டி ஓட்டினாரே, அப்போதாக இருக்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனிலும் எலும்பு மெலிந்துபோயிருப்பது தெரிந்தது. இறங்கியது சீட் இல்லை.

*

பெரியம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் ஒரு சங்கடம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உயிர்வேதியியல் படித்தேன். ஊரின் இன்னொரு கோடியில் ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காக உறவினர்கள் என்னை நடுவில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் உண்மையில் பெருமைப்படத்தக்க ஆள் யார் என்று கேட்டால், என் விரல் தன்னால் வேறு பக்கம்தான் நீளும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். இருபத்துச் சொச்சம் வயதில் பள்ளி வேன் ஓட்டத் தொடங்கி, பிறகு பேருந்துக்கு வந்தவர். டிப்போவில் அவருக்கு 'மெத்தை அக்கா' என்று பெயர். அவர் பிரேக் போட்டால் வண்டி நின்றது ஜன்னலைப் பார்த்தால்தான் தெரியும். அவர் வண்டியில் குழந்தைகள் தூங்கிவிடும், பெரியவர்களும் தூங்கிவிட்டு இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு அவரையே திட்டுவார்கள். நின்றுகொண்டு வரும் ஒரு ஆள் தினமும் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் சட்டைக் காலரைச் சரிசெய்து, தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு முடிப்பார். பெரியம்மா கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். "அவரு ஒருநாள் கம்பியைப் பிடிச்சார்னா அன்னிக்கு நான் சரியா ஓட்டலன்னு அர்த்தம்" என்பார்.

பள்ளிக்கூடம் படித்த காலமெல்லாம் நான் இன்ஜின் பெட்டிக்கு அருகில் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். என் நோட்டில் எழுத்து ஆடியிருக்காது. அது ஓடும் வண்டியில் எழுதியது என்று சொன்னால் என் ஆசிரியை நம்பமாட்டார். நானும் வேறு பேருந்துகளில் ஏறிப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரிந்துகொண்டேன்.

*

எலும்பு டாக்டர் ஒரு பெண். கடுகடுவென்று இருப்பார், ஆனால் கேட்டால் நின்று பதில் சொல்வார். பெரியம்மாவுக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் அவர் சொன்ன விளக்கம்.

"எலும்பு கல்லு மாதிரி சும்மா கிடக்கறதில்லம்மா. உடம்பு பழைய எலும்பை இடிச்சுட்டே இருக்கும், புதுசாக் கட்டிட்டே இருக்கும்."

"ரோடு வேலை மாதிரியா? ஒரு கும்பல் தோண்டும், பின்னாடியே இன்னொரு கும்பல் மூடும்?"

"அதேதான். உங்களுக்கு இப்போ தோண்டற கும்பல் வேகமா இருக்கு."

"எங்க ரூட்லயும் அதே கதைதான் டாக்டர். மூடறதுக்குத்தான் ஆளே வர்றதில்ல."

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். தோண்டிய எலும்பின் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து வரும், அவற்றின் அளவைப் பார்த்தால் எவ்வளவு வேகமாகத் தோண்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றார். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தோண்டும் கும்பலை அடக்கும். அடக்குகிறதா என்று ஸ்கேனில் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், ரத்தத்திலோ மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அதனால் மாத்திரை தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாவதில் அளவு நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

டிப்போவின் மருத்துவ அதிகாரி அந்த இரண்டாவது பரிசோதனையைப் பிடித்துக்கொண்டார். பயணிகளை ஏற்றிச் செல்பவர் முதுகில் இன்னொரு கட்டை நசுங்கினால் என்ன ஆவது என்று அவருக்குக் கவலை. அதில் தப்பில்லை. மருந்து வேலை செய்கிறது என்று ரத்தம் சொன்னால் மறுபடி வண்டி, அதுவரை மைக் அறை. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

மைக் அறை என்பது டிப்போவை ஒட்டிய பேருந்து நிலையத்தின் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு. எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து புறப்படுகிறது என்று அறிவிக்கும் வேலை. நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று எல்லோரும் பெரியம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவருக்கு அது பிறர் வண்டியை வழியனுப்பும் வேலை. அவருடைய அறிவிப்புகளைக் கேட்கவே சிலர் நிலையத்துக்கு வந்தார்கள் என்று மெக்கானிக் சொல்வார்.

"நாலாவது மேடையில் நிற்கும் வண்டி இப்போது புறப்படும். டிரைவர் தம்பி, ஹாரனை உங்க வீட்டு வாசல்ல போய் அடிங்க. பயணிகள் கவனிக்கவும், இந்தத் தம்பி வண்டியில் ஏறுபவர்கள் கம்பியை நன்றாகப் பிடித்துக்கொள்ளவும்."

மேலாளர் கூப்பிட்டு எச்சரித்த பிறகு நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை மட்டும் மெல்ல அழுத்தி அழுத்தி எடுப்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிளட்ச் மறந்துடக் கூடாதுல்ல."

மாத்திரை சாப்பிடும் நாளை எங்கள் வீடு மறக்காது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். பெரியம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்துகொள்வார். அம்மா ஏதாவது பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் உயர்த்துவார்.

"ஓடற வண்டியில டிரைவர்கிட்ட பேசக் கூடாது."

"வண்டி எங்கே போகுதாம்?" என்பாள் அம்மா.

"டிப்போவுக்குத்தான்."

*

மூன்று மாதம் முடிந்ததும் இரண்டாவது பரிசோதனைக்கு நான்தான் நேரம் வாங்கினேன். எனக்கு அந்தத் துறை என்பதால் எல்லாம் முறையாக நடக்கவேண்டும் என்று நினைத்தேன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போய் ரத்தம் கொடுக்கவைத்தேன். முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"அளவு குறையலையே. முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு."

டாக்டர் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"மாத்திரை வாராவாரம் போடறீங்களா?"

"போடறேன்."

"வெறும் வயித்துல? தண்ணியோட மட்டும்? நடுவுல எதாவது வாரம் விட்டுப்போச்சா? எல்லாருக்கும் மறக்கறதுதாம்மா, சொல்லுங்க, ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"டாக்டர்," என்றார் பெரியம்மா, "நான் இதுவரைக்கும் ஒரு ட்ரிப் விட்டதில்ல."

டாக்டர் தப்பாக எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட முடிவு வந்தால் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான், என் வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பு மாத்திரையை உறிஞ்சாமலும் போகலாம், ஊசிக்கு மாற்றலாம் என்றார். ஆனால் பெரியம்மாவின் காதில் ஒன்றுதான் விழுந்தது. தான் சொன்னதைவிட அந்தத் திரை சொன்னதற்கு மதிப்பு அதிகம்.

திரும்பும்போது இருவரும் பேருந்தில் நின்றுகொண்டு வந்தோம். டிரைவர் இளைஞர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்களை முன்னால் தள்ளி நிறுத்தினார். மற்ற நாளாக இருந்தால் பெரியம்மா குரல் கொடுத்திருப்பார். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் கம்பியைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அம்மா நல்லெண்ணத்தோடு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒரு வாரம் ரெண்டு வாரம் அசந்திருப்பியோ என்னவோக்கா. அந்த உறவுக்காரங்க வந்திருந்தாங்களே, அந்த வாரம்..."

"அந்த வாரம் அவங்க எல்லாரும் தூங்கிட்டிருந்தப்ப நான் ஜன்னலண்ட உட்கார்ந்திருந்தேன். நீதானே வந்து, 'ஏன் பேய் மாதிரி உட்கார்ந்திருக்கே'ன்னு கேட்டே?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு குட்டி. நீ படிச்சவ. ரத்தம் பொய் சொல்லுமா?"

"ரத்தம் பொய் சொல்லாது பெரியம்மா" என்றேன். சொல்லி முடித்ததும்தான் அதற்கு இன்னொரு பக்கம் இருப்பது உறைத்தது. ரத்தம் பொய் சொல்லாதென்றால் யார் சொல்கிறார்கள்? அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவரை நம்புகிறேனா, நம்ப ஆசைப்படுகிறேனா என்று அந்த நாட்களில் என்னையே கேட்டுக்கொண்டேன். வேலை செய்யும் இடத்தில் எனக்கு மனிதர்கள் வருவதில்லை, குழாய்கள்தான் வருகின்றன. மூடியின் நிறத்தைப் பார்த்துப் பிரித்து இயந்திரத்தில் அடுக்குவேன். எண் வரும். அந்த எண் யாருடைய நாற்காலியை நகர்த்துகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. டிப்போ அதிகாரி அடுத்த வாரம் முடிவு சொல்வதாக இருந்தது.

*

மைக் அறைக்குப் பெரியம்மா மறந்துவிட்டுப்போன மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மெக்கானிக் வழிமறித்தார்.

"என்ன டிகிரி, முகம் பஞ்சராகிக் கிடக்கு? அக்கா சமாச்சாரம் கேள்விப்பட்டேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"டிப்போவுல டயர் வெடிச்சாக்கூட மெதுவாத்தான் தெரியும், அடுத்தவங்க ரத்தம் உடனே தெரிஞ்சுடும்." கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "அக்கா மாத்திரையை முழுங்கலன்னு எவனாவது சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். தன் மேல தப்புன்னு தெரிஞ்சா இறங்கிவர்ற ஆளு அவங்க. என்கிட்டயே வந்து மன்னிப்புக் கேட்டாங்களே, தெரியுமா உனக்கு?"

"எப்போ?"

"சீட்டு மேல குத்தமில்லன்னு தெரிஞ்சதும். நேரா ஒர்க் ஷாப்புக்கு வந்து, எல்லாப் பசங்க முன்னாடியும், 'தம்பி, இறங்கினது உன் சீட்டு இல்ல, நான்தான்'னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உட்காருக்கான்னு சொல்லி என் டப்பாவுல பாதியை வச்சேன். வேணாம் வேணாம்னாங்க, விடுவேனா? சமாதானச் சாப்பாடு இல்லையா! மூக்குப் பிடிக்கச் சாப்பிட வச்சு, அப்புறம் நானே என் வண்டியில கொண்டுபோய் அந்த லேப்ல இறக்கிவிட்டேன்."

"எந்த லேப்ல?"

"ரத்தம் கொடுக்கத்தான். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும்னாங்களே, அதுக்கு."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"மதியமா? சாப்பிட்ட உடனேயா?"

"அப்புறம் காலையிலயா டப்பா தொறப்பாங்க? ஏன், தப்பா எதுவும் கலந்துடலையே நான்?"

எலும்புத் துணுக்குகளின் அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், மதியத்துக்குள் சரிந்துவிடும். சாப்பிட்டால் இன்னும் இறங்கும். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும் என்கிறோம். முதல் முறை டாக்டர் கால்சியம், வைட்டமின் என்று பலதையும் சேர்த்து எழுதியிருந்தார். மற்ற எதற்கும் நேரம் முக்கியமில்லை. ரத்தம் எடுத்தவர் எல்லாவற்றுக்கும் ஒரே குத்தில் எடுத்து முடித்துவிட்டார். விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெரியம்மா எதைச் செய்தாலும் காலையிலேயே செய்துவிடுவார் என்று நினைத்து நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. ஆக, முதல் எண் இருக்கவேண்டியதைவிடத் தாழ்ந்திருந்தது. இரண்டாவது எண்ணை நான் முறைப்படி விடியற்காலையில், அது ஏறி நிற்கும் நேரத்தில் எடுக்கவைத்தேன். மாத்திரை எவ்வளவு இறக்கியதோ அவ்வளவையும் என் முறைப்படியான காலை நேரம் ஏற்றிக் காட்டிவிட்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்ததால்தான் கணக்கு உதைத்தது.

"அண்ணா," என்றேன், "உங்க சாப்பாடுதான் பெரியம்மாவை மாட்டிவிட்டிருக்கு."

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. விளக்கிச் சொல்லித் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

*

டாக்டரிடம் போகும் வழியெல்லாம் வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் எல்லாம் கலைந்துவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன். பெரியம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல் ரத்தம் சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்ததா?" டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். "நல்லா சாப்பிட்டீங்களா?"

"அந்தத் தம்பி விடலை டாக்டர்."

"அதை எங்க பக்கத்துலயும் கேட்டிருக்கணும்." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. மருந்து வேலை செஞ்சிட்டே இருந்திருக்கலாம். ஆனா 'இருக்கலாம்'னு எழுதி டிப்போவுக்கு அனுப்ப முடியாது. ஒப்பிட்டுக் காட்ட ஒண்ணு வேணும். மாத்திரை போடறதுக்கு முந்தின காலைக்குத் திரும்பிப் போய் வெறும் வயித்துல ரத்தம் எடுக்க முடியாதே."

"முடியாது," என்றேன். "ஆனா இப்போ..." மேலே சொல்லத் தயக்கமாக இருந்தது. கேட்பதற்கே வேடிக்கையாக இருக்குமே.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. "இப்போ சாப்பிட வைக்கலாம்!"

"ஆமா டாக்டர். அதே சாப்பாடு, அதே நேரம்."

"அதே லேப். மதியத்தோட மதியத்தை ஒப்பிட்டுப் பார்த்துடலாம்." டாக்டர் பரிசோதனைச் சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார். அதுவரை கட்டிக்கொண்டிருந்த கையைப் பெரியம்மா பிரித்தார்.

"காலையில காலி ரோட்டுல ஓடற நேரத்தையும் சாயங்காலக் கூட்டத்துல ஓடற நேரத்தையும் பக்கத்துல வச்சு டிரைவரைத் திட்டற மேலாளர் ஒருத்தர் எங்ககிட்டயும் இருந்தார்" என்றார். "அவர் இப்படி எழுதிக் கொடுத்ததே இல்ல."

மெக்கானிக் இந்த வேலையை எடுத்துக்கொண்ட தீவிரத்தைப் பார்த்தால், ஒரு இன்ஜினையே இறக்கி ஏற்றச் சொன்னது போல இருந்தது.

"டிகிரி, அன்னிக்கு மாதிரியே நடக்கணும்னா முன்னாடி சண்டையும் போடணுமா?"

"சண்டை ரத்தத்துல வராது அண்ணா."

"அப்போ வேணாம். சண்டை போட்டா அக்காதான் ஜெயிப்பாங்க." தலையைச் சொறிந்தார். "அதே சாப்பாடு வேணும்னு வீட்டுல சொன்னேன். 'அன்னிக்கு என்ன சமைச்சேன்னு எனக்கே ஞாபகமில்ல, உனக்கு எப்படி இருக்கு?'ன்னு கேட்டா. உப்பு தூக்கலா இருந்துச்சு, அதனால ஞாபகமிருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். இன்னிக்கு டப்பாவைக் கையில கொடுக்கல, வீசினா."

ஒர்க் ஷாப்பில் பழைய டயர்களுக்கு நடுவே அதே இரும்புப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேலை செய்பவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பெரியம்மா வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டார்.

"அக்கா, அன்னிக்கு இன்னும் ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டீங்க."

"அன்னிக்கு உப்பு இவ்வளவு தூக்கலா இல்ல."

"ஐயோ, இன்னிக்குக் கோபத்துல போட்டுட்டா போலிருக்கு. ரத்தத்துல காட்டுமா டிகிரி?"

"காட்டாது. சாப்பிடுங்க பெரியம்மா."

மெக்கானிக்கே தன் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அந்தக் குழாய் எந்த இயந்திரத்துக்குப் போகும், எந்த வரிசையில் நிற்கும், எப்படி எண்ணாக மாறும் என்று எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும். தெரிந்திருந்தும் அன்று அந்த லேப் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் என் கையில் வரும் குழாய்களுக்குப் பின்னால் இப்படி எத்தனை பேர் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கிறார்களோ.

*

முடிவைப் பார்த்ததும் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதல் மதியத்தின் எண் மேலே, இந்த மதியத்தின் எண் கீழே. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

நான் எண்ணைப் பார்த்தேன். பெரியம்மா எண்ணைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார்.

"அப்போ நான் மாத்திரை போட்டிருக்கேன்."

"ஒழுங்கா, ஒரு வாரம் விடாம போட்டிருக்கீங்க."

"அதையும் எழுதிக் கொடுங்க."

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். மருந்து நன்றாக வேலை செய்கிறது, நோயாளி மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார், நல்ல இருக்கையோடு வண்டி ஓட்டலாம். நடுவில் இருந்த அந்த வரியைப் பெரியம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். படியிறங்கும்போது என் தோளில் கை வைத்தார்.

"ரத்தம் பொய் சொல்லாதுன்னியே குட்டி."

"ஆமா பெரியம்மா."

"சொல்லல. யாரும் அதுகிட்ட எப்போ சாப்பிட்டேன்னு கேக்கல, அவ்வளவுதான்."

எனக்குக் கழுத்துவரை பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அவரைப் பற்றியதா, என்னைப் பற்றியதா என்று வழக்கம்போல ஆராயத் தொடங்கினேன். படித்த படிப்பு ஒருநாள் வீட்டுக்குப் பயன்பட்டது என்பதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டுதான். ஆனால் நான் கண்டுபிடிக்க எதுவும் இருந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு மனுஷி தான் விழுங்கியதை விழுங்கினேன் என்று சொல்லிவிட்டு அதிலிருந்து அசையாமல் நின்றதுதான். அவர் ஒரு கணம் தடுமாறி, "மறந்திருப்பேனோ என்னவோ" என்று சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக அதை நம்பியிருப்போம்.

மருத்துவ அதிகாரி கையெழுத்துப் போட்டார். மைக் அறையிலிருந்து விடுதலை கிடைத்த அன்று பெரியம்மா கடைசி அறிவிப்பாகத் தன் வண்டியையே அறிவித்துவிட்டு, மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, போய் ஏறினார் என்று டிப்போவில் இப்போதும் சொல்கிறார்கள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அறிவிப்பில் எந்த வம்பும் இல்லை. குரல் மட்டும் கொஞ்சம் உயரமாக இருந்தது.

மெக்கானிக் அவருக்காகப் புது மெத்தை போட்டு, பெடலுக்கும் கண்ணாடிக்கும் பொருந்தும்படி சீட்டை அமைத்து வைத்திருந்தார். இந்த முறை பெரியம்மாவை நிற்கவைத்து, உட்காரவைத்து, அளந்து செய்தது. பெரியம்மா ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டிக் கிளட்சைத் தொட்டார். முதுகைச் சாய்த்தார்.

"எப்படிக்கா இருக்கு?"

"எல்லாம் சரிதான். கொஞ்சம் இறங்கின மாதிரி..."

"அக்கா! சீட்டை நான் தொடவே மாட்டேன். மொதல்ல போய் சுவத்தோரமா நில்லுங்க!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் தன் கண்ணுக்கு ஏற்ப லேசாகச் சாய்த்தார். கண்ணாடியில் நான் தெரிந்திருப்பேன். பவுடர்காரர் தெரிந்திருப்பார், அவர் அதற்குள் சீப்பை எடுத்துவிட்டார்.

வண்டி புறப்பட்டது எனக்குத் தெரியவில்லை. டிப்போவின் கேட் பின்னால் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"குட்டி, கம்பியைப் பிடிச்சுக்கோ" என்றார் பெரியம்மா, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளாச்சு ஓட்டி."

"வேணாம் பெரியம்மா" என்றேன்.

முதல் நிறுத்தம் வந்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.